கூறு ஐம்பது ரூபாய்

ஜூன் 3, திங்கள்

இவருக்கு மூட்டு மாற்றி ஆறு நாள் ஆகிறது. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆறு வாரம் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், மாடி ஏறக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது. டாக்டர் இதையெல்லாம் அடுக்கியபோது இவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "மார்க்கெட்டுக்குப் போலாமா சார்?" என்று கேட்டு, கூடாது என்று பதில் வந்ததும்தான் முகம் விழுந்தது. தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக பாக்கியநாதனுக்குப் பாளையங்கோட்டை மார்க்கெட்தான் ஆபீஸ்.

ஆக, இனி மார்க்கெட் என் தலையில். வளரும் நாடுகளின் ஏழைகள் எதை என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று முப்பது வருஷமாக ஆராய்கிறவள் நான். கத்தரிக்காய் கிலோ என்ன விலை என்று கேட்டால் முழிப்பேன். இதைச் சொல்லிச் சொல்லி இவர் சிரிக்காத கலியாண வீடு இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

அறிக்கை இருபத்தெட்டாம் தேதி போயாக வேண்டும். நாட்டின் பெயரை டைரியில்கூட எழுதமாட்டேன். வெளியாகும்வரை வாய் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஏரி நாடு என்று வைத்துக்கொள்கிறேன். ஆப்பிரிக்காவில் ஏரிகளுக்குக் குறைவில்லை, யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த அரசு செப்டம்பரில் தன் நாணயத்தின் மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்போகிறது. டாலர் கையிருப்பு கரைந்துவிட்டது, வேறு வழியில்லை. மதிப்பைக் குறைத்தால் வெளியிலிருந்து வரும் டீசலும் உரமும் விலை ஏறும். அவற்றின் பின்னாலேயே சந்தையில் சோளமும் மீனும் ஏறுமா என்பதுதான் எங்களிடம் கேட்கப்பட்டிருக்கும் கேள்வி. ஏறும் என்றால் நாலு லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு ஆறு மாதம் உதவித்தொகை கொடுக்க வேண்டும். ஏறாது என்றால் தேவையில்லை.

குழுவில் மூன்று பேர், நான் தலைவி. காரணம் ஊரறிந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இதே நாடு இதே காரியத்தைச் செய்தபோது, பதினான்கு கிராமச் சந்தைகளில் பதினெட்டு மாதம் விலை எடுத்தோம். நாணயம் நாற்பத்தைந்து சதவீதம் விழுந்தது. சந்தையில் உணவு விலை ஏறியதோ நாலே சதவீதம். நகரத்து இறக்குமதி விலைகள் கிராமத்து ஏழையின் தட்டுவரை வருவதில்லை என்று எழுதினேன். அந்தக் கட்டுரையால்தான் எனக்குப் பேராசிரியர் பதவி. கருத்தரங்குகளில் 'பியூலாவின் நாலு' என்றே சொல்வார்கள்.

விலை எடுத்தவர்கள் ஏழு பேர், எல்லாரும் அந்த ஊர்ப் பெண்கள். அவர்களில் ஒருத்தி எவலின் நிரெண்டா, மேற்பார்வையும் அவள்தான். கெட்டிக்காரி, ஆனால் தொணதொணப்பு. எதற்கெடுத்தாலும் கடிதம் எழுதுவாள்.

உதவித்தொகை தேவையில்லை என்ற பத்தியை இன்று எழுதி முடித்தேன்.

ஜூன் 5, புதன்

மீன் வாங்கினேன். இன்னாசியம்மாள் என்ற உவரிக் கடற்கரைக்காரியிடம்தான் வாங்க வேண்டுமென்று உத்தரவு. தராசு கிடையாது. சாக்கு விரித்து அதில் சாளை மீனைக் கூறு கூறாக வைத்திருக்கிறாள்.

"சார்வாளுக்கு முட்டி எப்படி இருக்கு? நீங்கதான் அந்த பாரின் போற டீச்சரா? கூறு அம்பது யக்கா, கண்ண மூடிட்டு எடுங்க."

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே எடுத்தேன். பன்னிரண்டு மீன். எண்ணுவது தொழில் பழக்கம்.

குழம்பு வைத்தேன். இவர் நாற்காலியிலிருந்து புளி, உப்பு, அடுப்பின் சூடு எல்லாவற்றுக்கும் ஆணை பிறப்பித்தார். சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அது கருணை.

ஜூன் 8, சனி

கூறு ஐம்பது. பத்து மீன்.

"புதன்கிழமை பன்னிரண்டு இருந்துச்சே?" என்றேன்.

"தடைக்காலம்லா யக்கா. பெரிய போட்டு ஒண்ணும் கடலுக்குப் போவல. நாட்டுப்படகுல வாறதத்தான் நாங்க பங்கு வைக்கணும்."

"அப்ப விலையக் கூட்ட வேண்டியதுதானே?"

பாவம் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "கூறுன்னா அம்பதுதான் யக்கா. அறுவதுன்னு சொன்னா எவ நிப்பா? முந்தில அம்பதத்தான் முடிஞ்சிட்டு வாறாளுவ."

வீட்டுக்கு வந்து ஒரு புகாராகத்தான் இவரிடம் சொன்னேன். இவர் செய்தித்தாளை மடக்காமலே, "கூறு விலை என்னைக்கு ஏறிருக்கு? கூறுதான் இளைக்கும். இது தெரியாமயா இத்தன வருசம் பாடம் நடத்துன?" என்றார்.

மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. அட்டவணைகள் அழகாக வந்திருக்கின்றன.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. பரணைச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஜூன் 10, திங்கள்

நாள் முழுக்கப் பரண். "இருவத்தெட்டாந் தேதி அறிக்கை போகணும்னு குதிச்ச, இன்னைக்கு என்ன பரணு?" என்று இவர் இரண்டு தடவை கேட்டார். தூசியில் எனக்குத் தும்மல் வரும் என்று நான்தான் ஏழு வருஷமாக அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

பழைய குக்கர் மூன்று, அறுந்த பிரம்பு நாற்காலி, ஏரி நாட்டுக் காகிதங்கள் வைத்த இரும்புப் பெட்டி. எடைக்குப் போட வேண்டியவற்றைத் தனியாக வைத்தேன். பெட்டியை எதிர்வீட்டுப் பையன்கள் இறக்கிக் கூடத்தில் வைத்தார்கள். திறக்க நேரமில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஒன்பது மீன். ஐம்பது ரூபாய்.

ஜூன் 12, புதன்

பழைய விலைக் கோப்பைக் கணினியில் திறந்தேன். ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடிமீன், தக்காளி, சர்க்கரைவள்ளி, எல்லாவற்றுக்கும் அளவு என்ற இடத்தில் 'குவியல்' என்றுதான் இருக்கிறது. அங்கேயும் தராசு கிடையாது. குவியலைக் கிலோவாக்க ஓர் எண் வைத்திருக்கிறோம். முதல் மாதம் எடை பார்த்துப் போட்ட எண். அதையே பதினெட்டு மாதத்துக்கும் பயன்படுத்தியிருக்கிறேன். நாணயத்தின் மதிப்பு குறைந்தது ஐந்தாம் மாதம்.

இதனால் ஒன்றும் நிரூபணம் ஆகிவிடாது. ஏரி நாட்டுக்காரிகளும் இன்னாசியம்மாள் மாதிரியே செய்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? ஆதாரமில்லாமல் பேசக்கூடாது என்று மாணவர்களை எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன்.

பெட்டி கூடத்திலேயே இருக்கிறது. நடைவண்டிக்கு இடைஞ்சல். நகர்த்த வேண்டும்.

ஜூன் 15, சனி

மார்க்கெட்டிலிருந்து திரும்பினால் பெட்டி திறந்து கிடக்கிறது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே இருந்த கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்துக் கட்டு கட்டாக அடுக்கிவைத்திருக்கிறார். கை சும்மா இராது. தபால்காரப் புத்தி.

ஒன்றை மட்டும் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது உனக்குப் பட்டுவாடா ஆவலபோலயே பியூலா."

எவலினின் கடிதம். மூன்று பக்கம். "டாக்டர், மதிப்பு குறைந்த மறுமாதத்திலிருந்து சந்தையில் குவியல்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. பெண்கள் விலையை மாற்றுவதில்லை. படிவத்தில் எடைக்குக் கட்டம் இல்லாததால், நாங்கள் ஏழு பேரும் ஒவ்வொரு மாதமும் கைத்தராசில் நிறுத்து, கடைசியில் இருக்கும் 'குறிப்பு' என்ற கட்டத்தில் எடையை எழுதிவந்தோம். தயவுசெய்து அதையும் கணினியில் ஏற்றுங்கள்."

அதோடு குண்டூசியில் குத்தியிருந்தது என் பதிலின் நகல். இரண்டே வரி. "குறிப்புகளைக் கணினியில் ஏற்றத் தேவையில்லை. காலமும் செலவும் கருதி இந்த முடிவு."

எனக்கு அப்போது புரியவில்லை என்று எழுதத்தான் ஆசை. இதைப் படிக்கப்போகிறவள் நான் ஒருத்திதான், அப்படி எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் புரிந்தது. முழுசாக இல்லை, கொஞ்சம். கட்டுரையைப் பத்திரிகை ஏற்றுக்கொண்டு பதினோரு நாள் ஆகியிருந்தது. எவலின் பட்டதாரிகூட இல்லை, மிகைப்படுத்துகிறாள் என்று சொல்லிக்கொண்டேன். பெட்டியில் இந்தக் கடிதம் இருக்கிறது என்பது திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். அதைப் பரணில் ஏற்றிய ஏழு வருஷமாகவே தெரியும்.

வெட்கமாக இருக்கிறது. இவரிடம் சொன்னேன், அழுதேன். இவர், மீனைக் கழுவு, கெட்டுப்போகும் என்றார்.

ஜூன் 16, ஞாயிறு

அங்கே இருக்கும் ஒரு நண்பர் மூலம் நம்பர் கிடைத்தது. எவலின் புள்ளியியல் துறையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது விதைக்கடை வைத்திருக்கிறாள். என் குரலை உடனே கண்டுகொண்டாள்.

"என் கடிதத்துக்கு முழுப் பதில் இன்றைக்குத்தான் வருகிறதா, டாக்டர்?"

மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் கோழிகள் கத்தின. 

"அந்தக் குறிப்புகளைத் திரும்ப எடுக்க ஏதாவது வழி இருக்கிறதா? ஒரு சந்தைக்காவது?"

"இரண்டு சாக்கு இருக்கிறது," என்றாள். "அலுவலகத்தை இடம் மாற்றியபோது எரிக்கச் சொன்னார்கள். பதினெட்டு மாதம் வெயிலில் நின்று நிறுத்தது நாங்கள். எனக்கு மனசு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் போட்டிருக்கிறேன்."

 சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், கரையான் தின்றிருக்கும் என்று சொல்லமாட்டாளா என்று ஒரு விநாடி எதிர்பார்த்தேன்.

"பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன்," என்றாள். "ஒரு நிபந்தனை. இந்த முறை எங்கள் ஏழு பேரின் பெயரும் திருத்திய கட்டுரையில் இருக்க வேண்டும். நன்றி சொல்லும் பத்தியில் வேண்டாம். மேலே, உங்கள் பெயர் இருக்கும் இடத்தில்."

சரி என்றேன். அந்த ஏழு பேரில் இருவர் இப்போது உயிரோடு இல்லையாம்.

ஜூன் 18, செவ்வாய்

குழுவின் இன்னொரு உறுப்பினர் ஹோர்ஸ்ட் வீடியோவில் வந்தார். ஜெர்மானியர், நல்ல மனிதர், இருபது வருஷப் பழக்கம். முழுவதும் கேட்டார்.

"பியூலா, அடிக்குறிப்பாகப் போடுவோம். 'அளவைகளில் சில மாறுதல்கள் இருந்திருக்கலாம்' என்று ஒரு வரி. உங்கள் பெயருக்கு நீங்களே ஏன் தீ வைக்கிறீர்கள்? அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறீர்கள்."

"அடிக்குறிப்பை அமைச்சர் படிப்பாரா?"

"மாட்டார்," என்றார். பொய் சொல்லத் தெரியாதவர்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டால், முப்பது வருஷம் இருக்கிறது. என் மாணவர்கள் நாலு பேர் அந்த நாலின்மேல் ஆய்வேடு கட்டியிருக்கிறார்கள். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஜூன் 19, புதன்

தடைக்காலம் முடிந்து பெரிய படகுகள் திரும்பிவிட்டன. பதினெட்டு மீன்! கூறு ஐம்பதேதான். என் கட்டுரையின்படி பாளையங்கோட்டையில் இந்த மாதம் ஒன்றுமே நடக்கவில்லை.

"இன்னைக்கு என்ன யக்கா, எண்ணிட்டே சிரிக்கிய?" என்றாள் இன்னாசியம்மாள்.

ஜூன் 22, சனி

மூன்று நாளாக எவலினின் மகள் படங்கள் அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். பதினான்கு சந்தைகளில் பதினொன்றுக்கு முழுசாக இருக்கிறது. மூன்றை எலி கடித்துவிட்டது. இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எடையை வாசிக்கிறார், நான் கணினியில் ஏற்றுகிறேன். முகவரி கிறுக்கல்களைப் படித்தே வயசானவர், எந்தக் கையெழுத்தும் இவரை ஏமாற்ற முடியவில்லை. முட்டிப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்றால், "இந்தச் சந்தை முடியட்டும்" என்கிறார்.

எடையோடு நிற்கவில்லை அந்தப் பெண்கள். 'விற்பவள் தராசைக் கண்டால் கோபப்படுகிறாள்.' 'இன்று மழை, நனைந்த மீன், கால் பங்கு கழிக்கவும்.' எவ்வளவு கவனம்! பத்தாம் மாதத்தில் ஒரு குறிப்பை இவர் வாசித்துவிட்டு நிறுத்திவிட்டார். வாங்கிப் பார்த்தேன்.

'ஒரு அம்மா அரைக் குவியல் கேட்டாள். அரைக் குவியல் கிடையாது என்றார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.'

 பிறகு நான் எழுந்து போய் ஹோர்ஸ்டுக்கு எழுதினேன். அடிக்குறிப்பு இல்லை, முதல் பக்கம்.

ஜூன் 25, செவ்வாய்

முதல் மாதத்தில் ஒரு கிலோ இருந்த குவியல் கடைசியில் எழுநூற்றைம்பது கிராம். கணக்கு முடிந்தது. கிலோவுக்கு விலை ஏற்றம் நாலு சதவீதம் இல்லை, முப்பத்தொன்பது.

நாலு தடவை சரிபார்த்தேன். நாலும் அதே.

ஜூன் 28, வெள்ளி

அறிக்கை போய்விட்டது. முதல் பத்தி: "இக்குழுவுக்கு நான் தலைவியாகக் காரணமாக இருந்த ஆய்வு தவறானது. அதை எழுதியவள் நான். களப்பணியாளர்கள் அப்போதே எச்சரித்தார்கள். நான் கேட்கவில்லை." அடுத்த பத்தி: "உதவித்தொகை தேவை. ஆறு மாதத்துக்குக் குறையக்கூடாது." ஹோர்ஸ்ட் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். மூன்றாமவரும் போட்டார்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் பசித்தது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

அமைச்சகத்திலிருந்து பதில் இல்லை. பழைய கணக்கு தவறு என்று மாணவர்கள் நாலு பேருக்கும் எழுதியிருந்தேன். ஒருத்தி இரண்டு பக்கம் கோபமாகப் பதில் எழுதியிருக்கிறாள். அவள் ஆய்வேட்டின் பாதி போச்சு. கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. கடைசி வரியில் மட்டும், 'எடைகளை எனக்கும் அனுப்புங்கள், மேம், புதிதாகப் போட்டுப் பார்க்கிறேன்' என்றிருக்கிறாள். அனுப்பிவிட்டேன்.

இவர் நடைவண்டி இல்லாமல் வாசல்வரை போய்வந்தார். டாக்டரிடம் சொல்லக்கூடாதாம்.

ஜூலை 20, சனி

இவர் மார்க்கெட்டுக்குத் திரும்பினார். ஆட்டோவில்தான், ஆனால் ராஜநடை. இன்னாசியம்மாள் ஒரு மீன் கூடுதலாகப் போட்டு அனுப்பியிருக்கிறாள். எனக்கு வேலை போய்விட்டது.

ஆகஸ்ட் 12, திங்கள்

வந்துவிட்டது! ஏரி நாட்டு அமைச்சரவை உதவித்தொகையை ஏற்றுக்கொண்டது. ஆறு மாதம் இல்லை, நாலு. மற்ற இரண்டு மாதம் சந்தை நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்வார்களாம். அதற்காக மாதாமாதம் சந்தைகளில் விலையும் எடையும் எடுக்க வேண்டும். நடத்துவது யார் தெரியுமா? திருமதி எவலின் நிரெண்டா. விதைக்கடையை மகளிடம் விட்டுவிட்டாளாம்.

ஆறு கேட்டு நாலு கிடைத்ததில் எனக்கு வருத்தம்தான். எவலினுக்கு இல்லை. "தராசு எங்கள் கையில் இருக்கிறது, டாக்டர். மீதி இரண்டையும் வாங்கிவிடுவோம்," என்றாள்.

திருத்தக் கட்டுரையையும் பத்திரிகை ஏற்றுக்கொண்டது. எட்டுப் பெயர். எவலின் முதலில், நான் கடைசியில். இறந்துபோன இருவர் பெயருக்குப் பக்கத்தில் சிறு சிலுவைக் குறி. 'பியூலாவின் நாலு' செத்தது. "இனி ஒன்ன முப்பத்தொம்பதுன்னுதான் கூப்பிடணும்," என்கிறார் இவர்.

புதுப் படிவத்தை நான்தான் வடிவமைத்துக் கொடுத்தேன். எடைக்குத் தனிக் கட்டம். 'குறிப்பு' பக்கத்தின் மேலே, முதல் கட்டமாக, பாதிப் பக்கத்துக்கு.

அக்டோபர் 7, திங்கள்

போன மாதம் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். இனி நாட்டின் பெயரை எழுதலாம், ஆனால் ஏரி நாடு என்றே பழகிவிட்டது. முதல் உதவித்தொகை போன வாரம் நாலு லட்சம் வீடுகளுக்குப் போயிருக்கிறது.

காலையில் முதல் படிவம் வந்தது, எவலினின் கையெழுத்தில். பொடிமீன், ஒரு குவியல், விலை பழையதே. எடை ஒரு கிலோ இருந்தது தொள்ளாயிரத்துப் பத்து கிராம். இளைக்க ஆரம்பித்துவிட்டது. மேலே குறிப்பில் எழுதியிருந்தாள்:

'சிவப்புத் துணி கட்டிய ஒரு பெண் இரண்டு குவியல் வாங்கினாள். உதவித்தொகை வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றாள். டாக்டர், இதைப் படிக்கிறீர்களா?'

படித்தேன் என்று அப்போதே பதில் எழுதினேன். ஒரு பக்கத்தில் முடிக்க நினைத்தது மூன்று பக்கம் வந்துவிட்டது. தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்து, கம்பை ஊன்றிக்கொண்டு பெட்டியில் போடப் போயிருக்கிறார்.